சிவந்தால் கெட்ட ரத்தம்

அந்தத் தெருவில் சலவைக்கடை வைத்திருந்தவளை எல்லோரும் இஸ்திரி என்றுதான் கூப்பிட்டார்கள். துணிக்கு வைக்கிற சூட்டையே அவள் நாக்கிலும் வைத்திருந்தாள். அவளுக்கு உலகத்தில் இரண்டு பேரைக் கண்டால் ஆகாது. ஒருவன், சட்டைப் பையில் பேனாவை விட்டுவிட்டுத் துணி போடுகிற வாடிக்கையாளன். அவனாவது எப்போதாவதுதான் வருவான். இன்னொருவர் நிரந்தரம்: அவள் அக்காவின் புருஷன்.

அக்கா புருஷன் கொத்தனார். தரைக்குக் கல் பதிப்பதில் கெட்டிக்காரர் என்பதை இஸ்திரியே மறுக்க மாட்டாள். அவர் பதித்த தரையில் கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும். "அந்த அளவுக்கு அவர் புத்தியும் மட்டமா இருந்திருந்தா தேவலயே. அதுலதான் எது வெச்சாலும் உருண்டு ஓடிடுது" என்பாள்.

ஒரு நாள் சாரத்திலிருந்து விழுந்து அவருக்குத் தோள் வீங்கிப்போனது. கூட வேலை செய்தவர் எங்கிருந்தோ கஸ்தூரி மஞ்சளை வாங்கி வந்து, அரைத்துச் சூடாக்கிப் பற்றுப் போட்டார். கஸ்தூரி மஞ்சள் சமையலுக்கு ஆகாத கிழங்கு. வெட்டினால் உள்ளே வெளிர் நிறம். முகர்ந்தால் கற்பூர வாசனை. அடிபட்ட வீக்கத்துக்கும் தோல் அரிப்புக்கும் முகப்பருவுக்கும் மேலே பூசலாம் என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். கொத்தனாரின் வீக்கம் வடிந்தது. வீக்கம் என்றால் ஒரு நாள் வடியத்தான் செய்யும் என்பது இஸ்திரியின் கட்சி. கிழங்குதான் வடித்தது என்பது அவர் கட்சி. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருந்திருக்கலாம்.

ஆனால் மனுஷன் அதோடு நிற்கவில்லை. வீக்கம் வடிந்த தோளோடு எழுந்தவர் வைத்தியராக எழுந்தார். காரணம் இருந்தது. சாரத்தில் ஏற இனி முடியாது. குளியலறையில் பெயர்ந்த கல்லை ஒட்டுவது, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலுள்ள சந்துக்குச் சிமெண்ட் பால் ஊற்றுவது என்று சில்லறை வேலைதான் காலையில் கிடைத்தது. மாலையில் சும்மா உட்கார்ந்தால் தெருவில் யாரும் அவரை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. ஒரு கிழங்கை அரைத்துக்கொண்டு உட்கார்ந்தால் நாலு பேர் "ஐயா" என்கிறார்கள். காசு வாங்க மாட்டார். "ஐயா"வே போதும்.

தொடக்கத்தில் அவர் வாங்கியது அசல் கஸ்தூரி மஞ்சள். அங்கேதான் வந்தது வினை. அசல் கிழங்கு தோலில் நிறம் பிடிக்காது. பூசிக் கழுவினால் பூசிய சுவடே தெரியாது. வந்தவர்கள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"என்னங்கய்யா, மஞ்சள்னீங்க, மஞ்சளே ஏறலையே?"

"மாவ குழைச்சுப் பூசின மாதிரில்ல இருக்கு?"

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று சும்மாவா சொன்னார்கள். கண்ணுக்குத் தெரியாத மருந்தை இந்தத் தெரு ஒப்புக்கொள்ளாது. ஆகவே வைத்தியர் அக்காவின் சமையலறை டப்பாவிலிருந்து சாதாரண மஞ்சள் தூளை அள்ளி அதில் கலந்தார். அசல் ஒரு பங்கு, சமையல் மஞ்சள் நாலு பங்கு. இப்போது நிறம் பளிச்சென்று ஏறியது. ஏறியதோடு இன்னொன்றும் நடந்தது. சிலருக்குப் பூசிய இடம் திட்டுத்திட்டாகச் சிவந்தது.

அதைப் பார்த்ததும் வேறு யாராக இருந்தாலும் கையைக் கழுவிக்கொண்டு எழுந்திருப்பார்கள். நம் ஆள் கண்ணை மூடி யோசித்தார். யோசித்துவிட்டு, "கெட்ட ரத்தம்" என்றார்.

அன்றிலிருந்து அதுதான் வைத்தியம். பூசினால் மஞ்சளாகவே நின்றால் நல்ல ரத்தம், வீட்டுக்குப் போகலாம். சிவந்தால் கெட்ட ரத்தம் மேலே வருகிறது, மஞ்சளாகும்வரை தினம் வர வேண்டும். தெருவே கையை நீட்டிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்தது. எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியார், தையற்கடைக்காரி, மின்சார ரீடிங் எடுப்பவர் என்று ஒருத்தர் பாக்கியில்லை. யாருக்கு எவ்வளவு கெட்ட ரத்தம் என்பதில் போட்டி வேறு.

"எனக்கு முழங்கை வரைக்கும் செவந்துச்சு தெரியுமா?" என்று தையற்கடைக்காரி இஸ்திரியிடமே பெருமை அடித்தாள்.

"கொடுத்துவெச்சவ. பட்டுச்சேலைக்கு பார்டர் மாதிரி இருந்திருக்கும்" என்றாள் இஸ்திரி.

இஸ்திரிக்குச் சிரிப்பாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. மஞ்சள் கறை பட்ட சட்டையில் சோப்பு பட்டால் கறை சிவக்கும். சலவைக்கடைக்காரி எதற்கு, வீட்டில் துணி துவைக்கிற யாருக்கும் தெரிந்த சங்கதி. சோப்பு, சுண்ணாம்பு, சிமெண்ட் எல்லாம் ஒரே ஜாதி, மஞ்சளைச் சிவக்க வைக்கும். வைத்தியரோ சந்துக்குச் சிமெண்ட் பால் கரைக்கிற அதே கிண்ணத்தில், அதே கொத்துக்கரண்டியால் மருந்தைக் குழைத்தார். காலையில் சிமெண்ட் அப்பிய கட்டைவிரலால் மாலையில் பூசினார். விரல் எங்கே அழுத்தியதோ அங்கே சிவந்தது. அதிலும் மரியாதைப்பட்டவர்கள், வைத்தியரைப் பார்க்கப் போகிறோமே என்று சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தார்கள். அவர்களுக்கு ஒரேயடியாகச் சிவந்தது. தெருவிலேயே சுத்தமான ஆட்களுக்குத்தான் கெட்ட ரத்தம். தெருமுனையில் எண்ணெய்க் கறையோடு வண்டி பழுது பார்க்கிறவருக்கு மட்டும் தங்கமான ரத்தம் என்றார் வைத்தியர்.

'அறிவு விலைக்குக் கிடைத்தால்கூட இவர்கள் பேரம் பேசிவிட்டு வாங்காமல் வருவார்கள்' என்று இஸ்திரி நினைத்துக்கொண்டாள். போகட்டும், அவர்கள் தோல், அவர்கள் பாடு என்றும் இருந்திருப்பாள். அக்காவின் கையைப் பார்க்கும்வரை அப்படித்தான் இருந்தாள்.

அன்று அக்கா வீட்டுக்குப் போன இஸ்திரி தண்ணீர் கேட்டாள். அக்கா டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில், விரல் படாமல் இடுக்கிக்கொண்டு வந்து கொடுத்தாள்.

"என்னக்கா, சர்க்கஸ்ல சேர்ந்துட்டியா?"

அக்கா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். இஸ்திரி அவள் கையைப் பிடித்துத் திருப்பினாள். விரலிடுக்கெல்லாம் வெடித்து நீர் கசிந்தது. புறங்கைத் தோல் காய்ந்த வண்டல் மாதிரி பிளந்திருந்தது. அதன்மேல் காய்ந்துபோன மஞ்சள், அங்கங்கே செங்கல் நிறத்தில்.

"எத்தன நாளா இது?"

"அரிப்புதான் முதல்ல. அவர் காலையிலயும் சாயங்காலமும் போட்டு விடுறார். எனக்குத்தான் எல்லாரையும்விட அதிகமா சிவக்குதாம். உள்ள அவ்ளோ சேர்ந்திருக்காம்."

"உள்ள சேர்ந்திருக்கறது உனக்கில்ல, அவருக்கு. மண்டைக்குள்ள. கிளம்பு. ரெண்டு தெரு தள்ளி தோல் டாக்டரம்மா இருக்காங்க."

"வைத்தியர் பொண்டாட்டியே டாக்டர்கிட்ட போறான்னா இவர்கிட்ட யாருடி வருவா?"

"வராம போகட்டும். நல்லதுதான?"

அக்கா வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நீ ஈஸியா சொல்லிடுவ. தோள் போன பிறகு அவர் சுவத்தப் பார்த்து உட்கார்ந்திருந்தத நீ பார்க்கல. இப்பதான் சாப்பிடுறார், சிரிக்கிறார். பொய் சொல்லி ஏமாத்துறவரா இருந்தா நானே வெளக்குமாத்த எடுத்திருப்பேன். அவர் நெசமா நம்பிச் செய்றார்டி. நம்பிச் செய்றவர எப்படி விட்டுக்கொடுக்கறது?"

"நம்பிக்கை ஆள மாத்துமே தவிர சிமெண்ட்ட மாத்தாது."

"என்ன உளர்ற?"

"ஒண்ணுமில்ல."

இஸ்திரி எழுந்து வந்துவிட்டாள். அக்காவிடம் பேசிப் பயனில்லை என்று அவளுக்குப் புரிந்தது. அவர் நம்புகிறவரைக்கும் இவள் கையை நீட்டிக்கொண்டே இருப்பாள். நீட்டுவதற்கு விரல் மிச்சம் இருக்கிறவரைக்கும் நீட்டுவாள். ஆகவே உடைக்க வேண்டியது அவர் நம்பிக்கையை. அதையும் நாலு பேர் பார்க்க உடைக்க வேண்டும், மறுபடி ஒட்ட முடியாதபடி.

அடுத்த நாள் மாலை அவள் ஒரு துணிப்பையோடு போனாள். முன்னறையில் வழக்கம்போல் பெஞ்சு நிறைந்திருந்தது. வைத்தியர் முக்காலியில் உட்கார்ந்து கிண்ணத்தில் கரண்டியைச் சுழற்றிக்கொண்டிருந்தார். குழைத்த மருந்தைக் கரண்டி நுனியில் தூக்கிப் பார்த்துப் பதம் சோதித்தார். கரண்டியைச் சாய்த்து மருந்தை மட்டம் தட்டவும் செய்தார். கை பழகிய வேலை, எங்கே போகும்?

"வாங்க கொழுந்தியாளே! கடைசியில உங்களுக்கும் ரத்தம் கெட்டுப்போச்சா?"

பெஞ்சு சிரித்தது.

"எனக்கு எப்பவோ கெட்டுப்போச்சு அத்தான், உங்க கல்யாணத்தன்னைக்கே. இன்னைக்கு உங்க வைத்தியத்த நானும் கத்துக்கலாம்னு வந்தேன். வாத்தியாரே, அந்த இடது கைய இப்படிக் குடுங்க."

கணக்கு வாத்தியாரின் வலது கையில் ஏற்கெனவே பூசியாகிவிட்டது. நன்றாகச் சிவந்திருந்தது. அவர் அதைப் பெண்டாட்டியிடம் காட்டக் காத்திருப்பவர்போலத் தூக்கிப் பிடித்திருந்தார். இஸ்திரி அவரது இடது கையைத் தண்ணீரால் கழுவித் துடைத்தாள். பையிலிருந்து சுத்தமான கிண்ணத்தை எடுத்து, வைத்தியரின் டப்பாவிலிருந்தே தூளைப் போட்டு, தேக்கரண்டியால் குழைத்துப் பூசினாள். மஞ்சளாகவே நின்றது.

"இந்தக் கை நல்ல ரத்தம், அந்தக் கை கெட்ட ரத்தம். ஒரே ஆளுக்கு ரெண்டு டேங்க்கா?"

"எடத்துக்கு எடம் மாறும்மா" என்றார் வைத்தியர், சற்றும் அசராமல்.

"மாறட்டும்." இஸ்திரி ஈரச் சோப்பை எடுத்து அந்த மஞ்சள்மேல் ஒரு கோடு இழுத்தாள். கோடு பளிச்சென்று சிவந்தது. தையற்கடைக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். இஸ்திரி ஒரு எலுமிச்சம்பழத்தை நறுக்கி, சிவந்த கோட்டின்மேல் பிழிந்தாள். சிவப்பு கரைந்து பழையபடி மஞ்சளானது. அப்புறம் வைத்தியரின் கரண்டியை எடுத்து அதன் முதுகை எல்லோருக்கும் காட்டினாள். சாம்பல் நிறத்தில் சிமெண்ட் பொருக்கு.

"பாத்துக்குங்க. உங்க ரத்தம் இந்தச் சோப்புலயும் இந்தக் கரண்டியிலயும்தான் இருக்கு. என் கடைக்கு வாங்க, தினம் பத்து சட்டை கெட்ட ரத்தம் கக்குது. சட்டைக்கெல்லாம் வைத்தியம் பார்ப்பீங்களா அத்தான்?"

சமையலறை வாசலில் அக்கா வந்து நின்றிருந்தாள்.

வைத்தியர் தன் கட்டைவிரலைப் பார்த்தார். நகக்கண்ணில் சாம்பல் கோடு. கிண்ணத்தைப் பார்த்தார். முப்பது வருஷம் சுண்ணாம்பும் சிமெண்ட்டும் குழைத்த மனுஷன். ஒரு பொருளோடு ஒரு பொருள் சேர்ந்தால் என்னாகும் என்று அவருக்கு யாரும் இரண்டாவது தடவை சொல்லத் தேவையில்லை. அவர் முகத்தில் அது இறங்குவதை இஸ்திரி கண்ணாரப் பார்த்தாள். 'புரிந்துவிட்டது. வைத்தியம் முடிந்தது' என்று அவள் பையைக் கட்டத் தொடங்கினாள்.

அப்போதுதான் கணக்கு வாத்தியார் தொண்டையைக் கனைத்தார். பாவம், பாடம் நடத்திப் பழகியவர். எதிலும் ஒரு முடிவு சொல்லியாக வேண்டும்.

"அப்படின்னா... எலுமிச்சம்பழம் போட்டா கெட்ட ரத்தம் போயிடுதுன்னு ஆகுது, இல்ல?"

"அட, ஆமா!" என்றாள் தையற்கடைக்காரி. "கண்ணு முன்னாடி போச்சே!"

"நானும் பார்த்தேன். செவப்பு அப்படியே ஓடிப்போச்சு" என்றார் மின்சார ரீடிங் எடுப்பவர்.

"எனக்கும் அதையே போட்டுவிடுங்கய்யா. தினம் தினம் யார் வர்றது?" என்றார் பெஞ்சின் கோடியில் இருந்தவர்.

பெஞ்சில் இருந்த கைகள் எல்லாம் நீண்டன. இஸ்திரியின் கையில் பாதி கட்டிய பை அப்படியே நின்றது. ஆட்டு மந்தைகூட முன்னால் போகிற ஆட்டின் பின்னால் பள்ளத்தில் விழுவதோடு நிறுத்திக்கொள்ளும். இவர்கள் கூட்டமாய்ப் பள்ளத்தில் இறங்கி, பள்ளம் நல்லா இருக்கு என்கிறார்கள்.

வைத்தியர் இன்னும் கட்டைவிரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல நிமிர்ந்து நீண்டிருந்த கைகளைப் பார்த்தார். இஸ்திரியின் கண்ணை மட்டும் பார்க்கவில்லை. மிச்சப் பழத்தை எடுத்துக்கொண்டார்.

"இத அடுத்த கட்டமா சொல்லலாம்னு வெச்சிருந்தேன்" என்றார். "கொழுந்தியா அவசரப்பட்டுக் காட்டிட்டா. சரி, பரவாயில்ல. நம்ம வீட்டுலேர்ந்தே ஆரம்பிப்போம். ரொம்ப முத்தின கேஸ் அவதான். இங்க வாம்மா, கைய குடு."

அக்கா முன்னறைக்கு வந்தாள். எல்லோரும் விலகி இடம் விட்டார்கள். அவள் கைகள் முந்தானைக்குள் இருந்தன. அவர் கையில் அரைப் பழம், சாறு சொட்டிக்கொண்டிருந்தது. வெடித்த தோலில் அது பட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்தபோது இஸ்திரிக்கே உடம்பு கூசியது.

"அக்கா, வேணாம்" என்றாள்.

அக்கா அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்தாள்.

"அவ காட்டினதப் பார்த்தீங்கல்ல?"

"பார்த்தேன்."

"புரிஞ்சுதா?"

அவர் பெஞ்சை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "புரியாம என்ன? கைய நீட்டு."

"புரிஞ்ச பிறகும் போடப் போறீங்களா?"

"எல்லாரும் உட்கார்ந்திருக்காங்க" என்றார் அவர், உதடு அசையாமல். "அப்புறம் பேசிக்கலாம். நீட்டு."

அக்கா நீட்டவில்லை. கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தாள். கடையில் துணி வாங்கி வந்து, வீட்டு வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்து, சாயம் போகிற துணி என்று தெரிந்துகொண்டவள் பார்க்கிற பார்வை. அதில் கோபம் இல்லை. பிறகு வாசலுக்குப் போய்க் காலால் செருப்பைத் துழாவி மாட்டிக்கொண்டாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"தோல் டாக்டர்கிட்ட" என்றாள் அக்கா, பெஞ்சு முழுக்கக் கேட்கும்படி. "நீங்க பாருங்க. வாத்தியாருக்கு இன்னொரு கை பாக்கி இருக்கு."

தெருவில் இஸ்திரி ஓட்டமும் நடையுமாகத்தான் அக்காவைப் பிடிக்க முடிந்தது. ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. வெற்றி தன்னுடையது மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. இத்தனை சாமான் தூக்கிப்போய் அவள் காட்டிய வித்தையில் ஒருத்தர் மனமும் மாறவில்லை. அக்கா கிளம்பியதுகூட அந்த வித்தைக்காக அல்ல, 'புரியாம என்ன' என்று அவர் சொன்ன ஒரு வார்த்தைக்காக.

டாக்டரம்மா கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிக்கொண்டு கையைப் பார்த்தார்.

"மேல என்ன இது?"

"கஸ்தூரி மஞ்சள்னு..." அக்கா இழுத்தாள். "கலப்படம்தான்."

"அசலா இருந்தாலும் வெடிச்ச தோல்ல போடக்கூடாது. நல்ல தோல்லகூட ஓரமா கொஞ்சம் போட்டுப் பார்த்துட்டுத்தான் பூசணும். அது போகட்டும், கை எதுல படுது? வீட்டுல என்ன வேலை?"

"சமையல், பாத்திரம், துணி. அவரோட வேலைத்துணி தனியா ஊறவெச்சு அடிச்சுத் துவைக்கணும். சிமெண்ட் இறுகிப்போயிருக்கும்."

டாக்டரம்மா கண்ணாடியை இறக்கினார். "அதான் விஷயம். சிமெண்ட் சில பேர் தோலுக்கு ஆகாது. ஒருதடவ ஆகாம போச்சுன்னா அப்புறம் தொட்டாலே வந்துடும். களிம்பு எழுதித் தர்றேன். ஆறும். ஆனா அந்தத் துணிய இனிமே நீங்க தொடக்கூடாது."

அவர் துணியிலிருந்து வருகிற புண்ணுக்குத்தான் அவர் கையாலேயே மருந்து. இஸ்திரிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அக்கா முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் அக்கா சொன்னாள்: "ஒரு தடவ உன் கடைக்கு அந்தத் துணிய எடுத்துட்டு வந்தேன், ஞாபகம் இருக்கா? மெஷின் குழாய் அடைச்சுக்கும், தூக்கிட்டுப் போன்னு விரட்டின."

இஸ்திரியின் நாக்கில் சூடு ஒன்றும் வரவில்லை. குழாய் அடைக்கும் என்பது பாதி உண்மை. அந்தாளுடைய துணிக்கு என் மெஷின் ஓடுவதா என்பது மீதி. மருந்துக்கடை வாசலில் அக்காவை நிறுத்தினாள்.

"நாளையிலேர்ந்து அனுப்புக்கா. தனியா ஊறவெச்சு நானே பார்த்துக்கறேன்."

"எதுக்கு?" என்றாள் அக்கா. களிம்பு டப்பாவை உள்ளங்கைகளுக்கு நடுவில் இடுக்கி வாங்கிக்கொண்டாள். "அவருக்கு ரெண்டு கை இருக்கு. ரெண்டும் எருமைத்தோல். இத்தன வருஷ சிமெண்ட்டுக்கு ஒரு கொப்புளம் வந்ததில்ல. அவரே துவைக்கட்டும்."

"துவைப்பாரா?"

"துவைக்கலைன்னா அழுக்கோட போகட்டும். அழுக்கா இருக்கறவங்களுக்குத்தான் தங்கமான ரத்தம்னு அவரே சொல்லியிருக்காரே."

சொல்லிவிட்டு அவள் வீட்டுப் பக்கம் நடந்தாள். இஸ்திரி ஒரு அடி பின்னால்தான் போனாள்.